செல்லரித்த ஏடும் கல்லில் நின்ற பதிகமும்

தில்லையிற் பொன்னம்பலத்தின் மேல்பால் ஓரறையில், மூவர் கைக்குறியோடு திருக்காப்பிடப்பெற்றிருந்த தேவார ஏடுகளைச் சோழவேந்தன் வெளிப்படுத்திய வரலாறு சைவர் யாவரும் அறிந்ததே. பொல்லாப்பிள்ளையார் திருவருளால் ஏடிருக்கும் இடத்தை நம்பியாண்டார் நம்பிகள் உரைத்தனர். மூவரும் வந்தாலன்றிக் கதவம் திறவாதென்று தில்லையந்தணர் கூற, அரசன் அவர்தம் திருவுருவங்களை எழுந்தருளுவித்தான். ஏடுகளை மூடிய கறையான் புற்று எண்ணெய் சொரிந்து நீக்கப்பெற்றது. பெரும்பகுதி அழிந்தமை கண்டு அவன் வருந்த, இக்காலத்துக்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என வானொலி எழுந்தது. உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இங்ஙனம் கூறும். அந்நூற் கணக்கின்படி மூவர் அருளிய பதிகங்கள் 1,03,000. இன்று ஓதப்பெறுவன ஏறத்தாழ 800.

இவ்வரலாற்றைக் கேட்டோர் பலர், அதுகாறும் தேவாரம் தமிழ்நாட்டில் அறவே மறைந்து கிடந்ததென்று கொள்வர். கல்வெட்டுக்கள் அதற்கு இடந்தரவில்லை. இராசராசன் ஆட்சி 985-இல் தொடங்கியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டு, அக்கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நெல் வகுத்துள்ளது. முதற் பராந்தகன் காலத்தும் இத்தகைய நிவந்தங்கள் உள. பாடுவோர் இருந்தனர், பாட்டும் இருந்தது. எனின், மறைந்தது யாது?

விடை அப்புராணத்துள்ளேயே கிடக்கின்றது. ஏடு கிடைத்த பின்னரும் பண் கிடைத்திலது. அதனை அறிதற்குத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரை நாடவேண்டியதாயிற்று. ஏடு புற்றுள் மறைந்திருக்க, இசை ஒரு குடியினர் மிடற்றில் நின்றது என்றவாறாம். அவ்வாறே அவ்வத் தலத்தில் அவ்வத் தலத்துப் பதிகங்கள் வழக்கில் நின்றன போலும். மறைந்தது பாட்டன்று, தொகுப்பே எனல் பொருந்தும். இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், 1014 அளவில், தஞ்சைப் பெருங்கோயிலில் 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஒருவர்க்கு நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தான். ஏடு கண்ட வேந்தன் அவனே என்பது பலர் துணிபு. ஆதித்த சோழன் என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதன்று.

கறையானுக்குத் தப்பியவை தில்லை ஏடுகள் மட்டுமே என்பாரை மறுக்கும் சான்று 1917-இல் வெளிப்பட்டது. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயிலில், ஏட்டுத் தொகுப்புக்களிற் காணப்பெறாத ஆளுடைய பிள்ளையார் பதிகம் ஒன்று கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனாலேயே அவ்வூர் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாயிற்று.

வானொலி பொய்த்ததோ என்று சிலர் நகைப்பர். நகைப்புக்கு இடமில்லை. அவ்வொலி அவ்வறையில் எஞ்சியவை பற்றியதேயன்றி, நாடெங்கணும் உள்ள கோயிற் சுவர்களைப் பற்றியதன்று. புராணத்தை நம்புவோர் கல்லைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. கல்லை ஆய்வோரும் புராணத்தைத் தள்ளவேண்டுவதில்லை. அஞ்சத்தக்கது வேறொன்று. திருப்பணி என்னும் பெயரால் எழுத்துள்ள பழங்கற்களைப் பெயர்த்துப் படிக்கல்லாக இடுவதும், அவற்றின்மேற் சுண்ணம் பூசுவதும் கறையான் செய்ததினும் கொடியன. கறையானுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.