திருப்புல்லாணியும் சேதுக்கடற்கரையும்: இரு சரணாகதிகளும் ஒரு சாஸனமும்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்புல்லாணி, பாண்டிநாட்டுத் திவ்யதேசங்கள் 18இல் ஒன்று. ஆதிஜகந்நாதப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தில், கடலரசனை வேண்டித் தர்ப்பைப் புல்லின்மேல் கிடந்த சக்கரவர்த்தித் திருமகனும் சயனத் திருக்கோலத்தில் தனிச் சந்நிதியில் ஸேவை ஸாதிக்கிறார். அருகிலுள்ள சேதுக்கரையில் கடலாடித் திருவடியை ஸேவிப்பது இன்றளவும் யாத்ரீகர் வழக்கம்.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் 9ஆம் பத்தில் இரண்டு பதிகங்களால், 20 பாசுரங்களில், இத்தலத்தை மங்களாசாஸனம் செய்துள்ளார். அவற்றில் பரகால நாயகியின் பிரிவாற்றாமை நெய்தல் நிலத்தின் நடுவே நிகழ்கிறது. முத்தும் பவளமும் அந்நிலத்தின் செல்வமாகக் காட்சி தருகின்றன. இது வெறும் வருணனையன்று. மன்னார் வளைகுடா தொன்றுதொட்டு முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கடல்.

இக்கடற்கரையோடு இரண்டு சரணாகதிகள் தொடர்புற்றவை. இலங்கையிலிருந்து வந்த ஸ்ரீவிபீஷணாழ்வான் பெருமாளைச் சரணமடைந்தான். பெருமாள் தாமே கடலரசனைச் சரணமடைந்தார். முன்னது உடனே பலித்தது. பின்னதோ மூன்று இரவுகள் கழிந்தும் பலிக்கவில்லை. வில்லை எடுத்த பின்னரே கடலரசன் வெளிப்பட்டான். சரணம் புகுவோனின் பெருமையால் அன்று, சரண்யனின் குணபூர்த்தியாலேயே சரணாகதி பலிக்கும் என்பதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டு. பிரபத்திக்கு விஷய நியமம் மட்டுமே உண்டு. தேச, கால, பிரகார, அதிகாரி, பல நியமங்கள் இல்லை என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டார். அதிகாரி நியமம் இல்லாமைக்கு அவர் காட்டும் வரிசையில் ஸ்ரீவிபீஷணாழ்வானும் பெருமாளும் அடுத்தடுத்து வருகின்றனர். விபீஷண சரணாகதியை விரித்துரைக்கவே ஸ்ரீவேதாந்ததேசிகர் அபயப்ரதானஸாரம் அருளினார்.

இந்நூல்கள் தோன்றிய 13, 14ஆம் நூற்றாண்டுகளில், திருப்புல்லாணிக்குக் கிழக்கே உள்ள பெரியபட்டினம் கடல் வாணிகத்தால் செழித்திருந்தது. அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அதற்குச் சான்று. பவித்திரமாணிக்கப் பட்டினம் எனக் கல்வெட்டுகளில் வழங்கும் துறைமுகம் இதுவே என்பர் ஆய்வாளர். அப்பட்டினத்தில் அரபுநாட்டு வணிகரான சோனகரின் பள்ளிவாசல் இருந்தது. அப்பள்ளிக்குப் பாண்டிய மன்னர் நிலங்களை இறையிலியாக அளித்த செய்தி திருப்புல்லாணிக் கோயிலின் கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

அக்கல்வெட்டு சரணாகதியைப் பேசவில்லை. அது அரசனின் நிலக்கொடை ஆவணம். அதனை ஸம்பிரதாயக் கருத்தின் நேர்விளைவாகக் கொள்வது வரலாற்று முறையாகாது. ஆயினும் வேற்று நாட்டிலிருந்து கடல்வழி வந்தோரின் வழிபாட்டிடத்துக்கு அளித்த உரிமையைக் காக்க, பெருமாள் கோயிலின் கல்லே தக்க இடமெனக் கருதப்பட்டது என்பது தெளிவு. அங்ஙனம் கருதியவர்கள் நாள்தோறும் ஸேவித்தது, மாற்றார் நாட்டிலிருந்து வந்தவனுக்கு அபயமளித்த பெருமாளையே. ஆகவே, தர்ப்பசயனத் திருக்கோலத்தை ஸேவிப்போர் அக்கோயிலின் கல்வெட்டுகளையும் கருதிப் பார்ப்பது தகும். பூர்வாசாரியர்கள் வாழ்ந்த காலத்தில் இக்கரை வந்தவர்களை எவ்வாறு ஏற்றது என்பதை அவை உரைக்கின்றன.