டி.என்.ஏ. நானோதுளை

டி.என்.ஏ. இழைகளைத் துளையாக மடித்தோ, வேறு பொருளில் இட்ட துளைக்குள் பதித்தோ, அதன் வழியே செல்லும் அயனி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் செயற்கை அமைப்பு. இதன் முன்மாதிரி, உயிரணுச் சவ்வில் உள்ள புரத அயனி வாய்க்கால். புரதம் எப்படி மடியும் என்று முன்கூட்டி வகுப்பது நீண்டகாலம் கடினமாக இருந்தது. டி.என்.ஏ.வின் காரங்களில் அடினின் தைமினோடும் குவானின் சைட்டோசினோடும் இணைவதால், வேண்டிய வடிவத்தைக் கணினியில் வரைந்து அதற்கேற்ற இழைகளைத் தயாரித்துவிடலாம்.

இத்துறைக்கு அடித்தளம் 2006இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பால் ராதமண்ட் வெளியிட்ட டி.என்.ஏ. ஓரிகாமி முறை. எம்13 வைரஸின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட காரங்கள் கொண்ட ஒற்றை இழையை, இருநூறுக்கும் மேற்பட்ட குட்டை இழைகள் ஆங்காங்கே பிணைத்து மடிக்கின்றன.

2012இல் இம்முறை துளைகளுக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் உல்ரிக் கைசர் குழு, சிலிக்கான் நைட்ரைடு ஏட்டில் இட்ட துளைக்குள் ஓரிகாமி அமைப்பை மின்னழுத்தத்தால் இழுத்துப் பொருத்தியது. மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால் அது வெளியேறிவிடும். மியூனிக்கில் ஃபிரிட்ரிக் சிம்மல் குழு செய்தது இன்னும் துணிச்சலானது. கொழுப்புப் படலத்தைத் துளைத்து நிற்கும் 2 நானோமீட்டர் அகலக் குழாயை முழுக்க டி.என்.ஏ.வாலேயே கட்டினார்கள். நீரை நாடும் டி.என்.ஏ. கொழுப்பில் தானாக நில்லாது என்பதால், 26 கொலஸ்டிரால் மூலக்கூறுகளை நங்கூரமாகப் பூட்டினார்கள். அதன் மின்கடத்தல் ஏறத்தாழ 1 நானோசீமன்ஸ். ஓட்டம் இயற்கை வாய்க்கால்களைப் போலவே விட்டுவிட்டு ஏறி இறங்கியது. குழாய்க்குள் ஓர் இழையை நீட்டிவிட்டபோது அந்த ஏற்ற இறக்கம் கூடியது.

துளையைத் திறந்து மூடும் கதவு அமைக்கும் வழிகள் பல. பெய்ஜிங்கின் லெய் ஜியாங் குழு பாலிஎஸ்டர் ஏட்டுத் துளைகளின் உட்சுவரில் டி.என்.ஏ. இழைகளை ஒட்டியது. சைட்டோசின் மிகுந்த இழை அமிலத்தன்மை ஏறும்போது நாற்சரமாகச் சுருளும் (2008). குவானின் மிகுந்த இழை பொட்டாசியம் அயனியைக் கண்டதும் சுருளும் (2009). இழை சுருண்டு விரியும்போது துளையின் பயனுறு அகலமும் மின்னோட்டமும் மாறுகின்றன. லண்டனில் ஸ்டீஃபன் ஹவோர்கா குழு 2016இல் வெளியிட்ட துளையில் வாயை ஓர் இழை பூட்டியிருக்கும். அதனோடு இணைசேரும் சாவி இழை வந்தால் பூட்டு கழன்றுவிடும்.

டி.என்.ஏ.வின் முதுகெலும்பிலுள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே துளை நேர்மின் அயனிகளை ஈர்க்கும். உப்பின் செறிவு இங்கே பெரிய காரணி. சிலிக்கான் ஆக்சைடு துளை வழியே வெறும் டி.என்.ஏ. இழை கடந்தால், பொட்டாசியம் குளோரைடு 0.4 மோலாருக்கு மேல் இருக்கும்போது மின்னோட்டம் குறையும். அதற்குக் கீழே, இழையோடு ஒட்டிவரும் அயனிகளால், கூடும் என்று டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர்.

பெரிய குறை கசிவு. துளையின் மேல் வைத்த ஓரிகாமி தட்டு பார்வைக்கு மூடியாகத் தெரிந்தாலும் அயனிகள் டி.என்.ஏ. சுருள்களின் இடுக்குகளில் புகுந்துவிடுகின்றன. மின்னழுத்தம் கூடினால் தட்டே வளைந்துவிடும். ஓரிகாமிக்குத் தேவையான மக்னீசியம் குறைந்தால் அமைப்பும் தளர்கிறது. மூலக்கூறுகளை இனங்காணும் உணரியாக இத்துளைகள் நன்றாகப் பயன்படுகின்றன. ஆனால் நொடிக்குப் பல கோடிப் பொட்டாசியம் அயனிகளை விட்டு, சோடியத்தைத் தடுக்கும் புரத வாய்க்காலுக்கு அவை இன்னும் ஈடாகவில்லை.