மீனுக்கேற்ற இரையும் இரைக்கேற்ற மீனும்: நீலகிரித் தூண்டில் மீன்பிடிப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தூண்டிலில் கோக்கப்படும் இரை, மீன்பிடிப்பின் நோக்கத்தையும் அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளையும் வெளிப்படுத்தும் சான்றாகும். பண்டைத் தமிழ் இலக்கியம் காட்டும் தூண்டில் தொழிலில் நீர்நிலையில் வாழும் மீனுக்கேற்ப இரை தெரிவு செய்யப்பட்டது. காலனியக் கால நீலகிரியில் இம்முறை தலைகீழானது. பொய்யிரையைக் கொண்டு விளையாடும் வழக்கம் முதலில் வந்தது. அதற்குப் பொருந்தும் மீன் பின்னர் கடல்கடந்து கொணரப்பட்டது. இம்மாற்றத்தையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, தூண்டில், பொய்யிரை, டிரவுட், அவலாஞ்சி, மீன்வளச் சட்டம்

முன்னுரை

நீலகிரியின் காலனிய வரலாறு தேயிலை, சின்கோனா, யூகலிப்டசு ஆகிய பயிர்களின் வழியாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அம்மலைக்கு அயலிலிருந்து கொணரப்பட்டவற்றுள் மீனும் ஒன்று என்பது குறைவாகவே பேசப்பட்டுள்ளது. பயிர்கள் வருவாய்க்காக வந்தன; மீனோ முதன்மையாகப் பொழுதுபோக்கிற்காக வந்தது. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தூண்டிலின் நுனியில் இருந்த இரையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

தமிழ் மரபில் தூண்டிலும் இரையும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தூண்டில் தொழிலின் கூறுகளை நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. தோற்பையில் இட்டுச் செல்லும் பச்சை இறைச்சி, நீண்ட மூங்கிற் கோல், அதிற் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள் ஆகியன பாண்மகனின் கருவிகள். இரையை மட்டும் கவ்வித் தப்பிய வாளை, பின்னர் நீரருகில் நின்ற பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுவதாக அப்பாடல் காட்டுகிறது.

இதனால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இங்கு இரை உண்மையான ஊன். ஊனுண்ணும் வாளைக்கு அது இயல்பான உணவு. இரண்டாவது, நீரின் மேல் விழும் நிழல் மீனை விரட்டும் என்பதைப் பண்டைத் தமிழர் கூர்ந்து கவனித்திருந்தனர். கயத்தில் எம்மீன் உள்ளதோ அதற்குரிய இரையைக் கொள்வதே இத்தொழிலின் நெறி. பிடிபடும் மீன் உணவாகும். எனவே இரையின் தரம் அது தரும் மீனால் அளக்கப்பட்டது.

பொய்யிரையின் வருகை

19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்திலும் குன்னூரிலும் குடியேறிய ஆங்கிலேயர் வேறொரு மரபைக் கொண்டுவந்தனர். இறகு, விலங்கு மயிர், பட்டுநூல் ஆகியவற்றை முள்ளிற் கட்டிப் பூச்சிபோலத் தோன்றச் செய்யும் பொய் ஈ அம்மரபின் மையம். அதனுடன் நீரிற் சுழன்று சிறுமீன்போல் மின்னும் உலோகக் கரண்டி இரையும் வழங்கியது.

பொய்யிரைக்கு மணமோ சுவையோ துணையில்லை. மீனின் கண்ணை ஏமாற்றுவதே அதன் ஆற்றல். ஆகவே அதற்குத் தெளிந்த நீரும், பார்வையால் வேட்டையாடும் மீனும் தேவை. மேலும், ஓடும் நீரில் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். அதன் பின்புறமாக நின்று, தன் நிழல் படாமல், ஈயை மேல்நீரில் இட்டு ஓட்டத்தோடு மிதந்துவரச் செய்வதே திறமையாகக் கருதப்பட்டது. பாண்மகனின் வாளை அஞ்சிய அதே நிழலை இவர்களும் அஞ்சினர். ஆனால் பிடிபடும் உணவைவிடப் பிடிக்கும் முறைக்கே மதிப்பு மிகுந்தது.

சென்னை மாகாணக் குடிமைப்பணி அலுவலரான என்றி சல்லிவன் தாமசு 1873இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூல் இவ்விளையாட்டை இந்திய நீர்நிலைகளுக்குப் பொருத்திக் காட்டியது. நீலகிரியின் அடிவாரத்தில் மோயாறும் பவானியும் மகசீர் என்னும் பெருமீனை அளித்தன. மேல் பீடபூமியின் குளிர்ந்த ஓடைகளிலோ பெரும்பாலும் சிறுமீன்களே வாழ்ந்தன. பொய்யிரைக்கேற்ற நீர் இருந்தது. அதற்கேற்ற மீன் இல்லை.

இரைக்கு மீன் தேடிய வரலாறு

இக்குறையை நீக்க 1860களிலேயே மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிசு டே முயன்றார். டிரவுட் முட்டைகள் குளிர்ந்த நிலையில் மட்டுமே உயிர்வாழும். வெப்பமண்டலக் கடற்பயணமும் மலையேற்றமும் அவற்றை அழித்தன. 1864இல் பனிக்கட்டியும் பாசியும் சூழப் பொதிந்து தாசுமேனியாவிற்கு அனுப்பப்பட்ட முட்டைகள் பொரித்தமை அன்றைய உலகில் நம்பிக்கையூட்டிய போதும், நீலகிரியில் ஐரோப்பியப் பழுப்பு டிரவுட் நிலைபெறவில்லை.

சட்டம் மீனுக்கு முந்தியது. 1879ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் நீலகிரி மாவட்டத்தின் வேட்டை விலங்குகளையும் புதிய சூழலுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட மீன்களையும் காக்க இயற்றப்பட்டது. டிரவுட் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே அயல்மீன் சட்டத்தின் காப்பைப் பெற்றிருந்தது என்பது கருதத்தக்கது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாண மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டைத் தெரிவு செய்தார். இலங்கையின் நுவரெலியா மலைநீர்களில் முன்னரே பழகிய இனம் இதற்கு உதவியது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. சென்னை மாகாண மீன்வளத்துறை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிரடெரிக் நிக்கல்சன் வழிநடத்திய அத்துறை, கடற்கரையில் மீன் பதப்படுத்தலையும் மீனவர் வாழ்வையும் உணவையும் முன்னிறுத்தியது. மலையிலோ விளையாட்டு மீனை வளர்த்தது. ஒரே துறைக்குள் இரு நோக்கங்கள் நிலவின.

தடுக்கப்பட்ட முறைகள்

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வெடிவைப்பது அனைத்து உயிர்களையும் அழிப்பதால் அத்தடை நியாயமானதே. ஆனால் மலைச்சரிவுகளில் வாழ்ந்தோர் காய், பட்டை முதலியவற்றின் சாற்றால் சிறு மடுக்களில் மீனை மயக்கிப் பிடித்து உண்ட வழக்கமும் அதே பிரிவுகளின் கீழ் வந்தது. உணவிற்கான முறை குற்றமாகவும், பொழுதுபோக்கிற்கான முறை உரிமம் பெற்ற பண்பாடாகவும் பிரிக்கப்பட்டன. இரையின் வகை, மீன்பிடிப்போரின் தகுதியை அளக்கும் கோலாயிற்று.

ஓடையிலிருந்து நீர்த்தேக்கத்திற்கு

1930களில் பைக்காரா மின்திட்டமும், விடுதலைக்குப் பின் கனடாவின் உதவியுடன் உருவான குந்தா மின்திட்டமும் மலையோடைகளை மறித்தன. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீர்த்தேக்கங்கள் தோன்றின. நின்ற நீரில் இரையை நகர்த்தும் ஓட்டம் இல்லை. அவ்வசைவைத் தூண்டிலிடுவோரின் கையோ படகோ தரவேண்டும். சிறுபடகின் பின்னால் பொய்யிரையை இழுக்கும் முறை கடலில் எவ்விதிகளைக் கொள்கிறதோ அவையே தேக்கத்திற்கும் பொருந்தும்: படகின் அலைச்சலுக்கு அப்பால் இரை எவ்வளவு பின்தங்க வேண்டும், எவ்வாழத்தில் செல்ல வேண்டும், எவ்வேகத்தில் உயிருள்ளதாய்த் தோன்றும் என்பனவே அவை. வெயிலில் மேல்நீர் சூடேறும்போது குளிர்நீர் மீன் ஆழத்திற்கு இறங்குவதால் மிதக்கும் ஈயின் பயன் குறைந்து, அமிழும் கரண்டியின் பயன் மிகும்.

டிரவுட் முட்டையிடுவதற்கோ ஓடும் நீரும் பரல் நிறைந்த படுகையும் வேண்டும். நின்ற நீர்ப்பரப்பு பெருகியதும் பொரிப்பகத்தின் துணை இன்றியமையாததாயிற்று.

முடிவுரை

பாண்மகன் மீனை அறிந்து இரை கோத்தான். குடியேறிய ஆங்கிலேயர் தம் இரைக்கு மீனைத் தேடினர். அம்மீனுக்காகப் பனிக்கட்டிப் பெட்டியும் பொரிப்பகமும் சட்டமும் அடுத்தடுத்துத் தேவைப்பட்டன. இன்று வானவில் டிரவுட், உலகின் மிகத் தீங்கு பயக்கும் 100 அயல் உயிரினங்களின் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நூற்றாண்டைக் கடந்த அவலாஞ்சிப் பொரிப்பகம் மரபுச்சின்னமாகப் போற்றப்படும் அதே வேளையில், ஓடைகளின் தொல்லுயிர்களான சிறுமீன்களும் தவளைகளும் எவ்விலை கொடுத்தன என்னும் வினாவும் எழுகிறது. நீலகிரிச் சூழலியல் வரலாறு பயிர்களோடு நில்லாது நீர்வாழ் உயிர்களையும் கணக்கில் கொள்ளும்போதே அவ்வினாவிற்கு விடை காண இயலும்.