ரப்பர் மரம் ஏன் இலை உதிர்க்கிறது?

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தோட்டப்புறங்களில் ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்பதைக் காணலாம். அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், வறண்ட பருவத்தையொட்டி ஆண்டுக்கு ஒரு முறை இலைகளை உதிர்த்துவிடும்.

இளங்கன்றுகளுக்கு இந்த வழக்கம் இல்லை. அவை விட்டுவிட்டு வளர்கின்றன. ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு ஒரு முறை குடை விரித்தாற்போல் ஓர் இலை அடுக்கு வரும். பிறகு வளர்ச்சி சற்று ஓயும். மூன்று, நான்கு வயதுக்குப் பிறகே மரம் ஆண்டுதோறும் இலை உதிர்க்கத் தொடங்குகிறது.

உதிர்ந்த சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அதனுடன் இதழ்களே இல்லாத, மணமுள்ள சிறு மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொத்தில் இருக்கும். பெண் பூக்களில் மிகச் சிலவே காயாகும். சுமார் ஐந்து மாதங்களில் காய் முற்றி, வெயிலில் படீரென வெடித்து மூன்று கொட்டைகளைச் சிதறடிக்கும்.

கொட்டையின் உயிர்ப்பு சில வாரங்களே. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்ற சுமார் 70,000 கொட்டைகளில் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்கக்கால மரங்களில் ஒன்று இன்றும் அங்கே காட்சிக்கு நிற்கிறது.

இலைக்கும் பாலுக்கும் மூலப்பொருள் ஒன்றே. இலை தயாரிக்கும் சர்க்கரையிலிருந்துதான் மரம் பால் சுரக்கிறது. புதுத் தளிர் விடும்போது சேமிப்பெல்லாம் தளிருக்கே போய்விடுவதால் பால் குறைகிறது. அப்போது தொடர்ந்து வெட்டினால் மரம் தளரும் என்பதால் பலர் வெட்டை நிறுத்தி வைக்கின்றனர்.

கிழக்குக்கரை மாநிலங்களின் சிறுதோட்டக்காரர்களுக்கு இது இரண்டாவது அடி. ஆண்டு இறுதி அடைமழையில் வெட்டு நாள்கள் குறைந்து, மழை விட்டதும் இலையுதிர்வு வந்துவிடுகிறது.

தளிர் விடும் நேரத்தில் ஈரம் மிகுந்தால் சாம்பல் நோய் போன்ற பூஞ்சைகள் தாக்கும். தளிர் மீண்டும் உதிர்ந்து, வருமானமில்லா நாள்கள் நீளும். கந்தகத் தூள் தூவுவது பழைய தடுப்புமுறை. வானம் வெறித்திருந்தால் இலை சீராக முற்றும்; பால்வாளியும் விரைவில் நிறையும்.