கடைவதற்கு முன்பே பிறக்கும் கோலம்

கடைசல் இயந்திரத்துக்குத் தானாகப் போடத் தெரிந்த கோலம் ஒன்றுதான்: வளையம். சுழலும் மரத்தில் உளியை எங்கே வைத்தாலும் வட்டமே விழும். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களைப் பாருங்கள். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வளையங்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஆந்திரத்து எட்டிகொப்பாக்காவிலும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் இதே முறைதான். கோடுகள் சாய்ந்து ஓட வேண்டும், ஒன்றையொன்று பின்ன வேண்டும் என்றால், கடைவதற்கு முன்பே மரத்தை அறுத்து ஒட்டியாக வேண்டும்.

அந்த ஒட்டுவேலை நம் நாட்டில் பழையது. பாரசீகத்திலிருந்து சூரத்துக்கு வந்த சாடேலி வேலையில் தந்தம், கருங்காலி, சந்தனம், தகரம் ஆகியவற்றை மெல்லிய குச்சிகளாக்கி, கட்டாக ஒட்டி, குறுக்கே சீவுவார்கள். ஒவ்வொரு சீவலிலும் அதே நட்சத்திரம் வரும். 19ஆம் நூற்றாண்டில் அது பம்பாய்ப் பெட்டிகளாகக் கப்பலேறியது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் கைவினைஞர்கள், பல நிற மரக்குச்சிகளை ஒட்டிய கட்டைச் சீவாமல் அப்படியே கடைசலில் ஏற்றி, சிறு பொருள்களைக் கடைந்தார்கள். மரத்துண்டுகளை ஒட்டிக் கடையும் இன்றைய ஒட்டுமரப் பேனாவுக்கு அவையே மூதாதை என்பேன்.

நம் கைப்பேனாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். சுதேசிப் பேனா வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்தை ஏற்று ராஜமுந்திரி கே.வி. ரத்னம் பேனா கடைந்தார். 1935இல் காந்தி அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா பேனாவும் திருவள்ளூர் ரங்கா பேனாவும் எபோனைட்டால் பேர்வாங்கியவை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் அது. ரப்பரைப் பிசையும்போதே நிறங்களைச் சேர்த்துவிடுவதால், தடியைக் கடைந்ததுமே அலையும் புள்ளியும் வெளிப்படும். எபோனைட் மைக்கும் அசையாது. ஒட்டுக்கு அங்கே தேவையே எழவில்லை.

மரம் அப்படியில்லை, ஈரம் பட்டால் உப்பும். உள்ளே பித்தளைக் குழாயும் வெளியே நல்ல எபாக்சிப் பசையும் வந்த பிறகுதான் ஒட்டுமரம் பேனாவுக்கு ஏற்றதாயிற்று.

குரோம்பேட்டையில், என் வீட்டு மாடியில் ஈட்டி மரமும் பலா மரமும் வைத்து இந்த வேலையைச் செய்துவருகிறேன். எளியது வளைய அடுக்கு: நிறம் மாற்றி வில்லைகளை ஒட்டுவது. அடுத்தது செங்கல் வரி: ஒவ்வொரு வரியையும் பாதித் துண்டு தள்ளி ஒட்டுவது. கடினமானது பின்னல். சதுரக் கட்டையின் ஒரு முகத்தில் சாய்வாக அறுத்து, அடியில் சிறிது விட்டுவிட வேண்டும். ரம்பம் தின்ற அகலத்துக்குச் சரியாக ஒரு பலாச் சீவலைச் செருகி ஒட்டி, காய்ந்ததும் அடுத்த முகத்துக்குப் போக வேண்டும். நான்கு முகமும் முடித்துக் கடைந்தால் நான்கு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். சீவல் மெலிந்தால் பசைக்கோடு தெரியும். தடித்தால் கட்டையே வளைந்து பின்னல் கலைந்துவிடும்.

கடைவது அரைமணி வேலை. அறுப்பதற்கும் ஒட்டிக் காயவைப்பதற்கும்தான் நாள்கள் போகின்றன. கைப்பேனா வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். பேனாவை விரலில் உருட்டி ஒட்டுகளைப் பாருங்கள். கோடு எங்கும் அறாமல் சுற்றிவந்தால், கேட்ட விலையைக் கொடுங்கள்.