எண்ணெய் வியாபாரியின் தீர்ப்பு

செயற்கை உயிரியலின் அறம் பற்றி யாராவது கதைக்கத் தொடங்கினால், 1975 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் நடந்த மாநாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். ஓர் உயிரின் டி.என்.ஏயை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் வேலையில் ஆபத்தான பகுதிகளை விஞ்ஞானிகள் தாங்களாகவே நிறுத்திவிட்டு, கூடி விதி வகுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பேசியவர்களில் பெரும்பாலானோர் அந்தத் துறைக்காரர். உயிரியல் ஆயுதம் பற்றிய பேச்சை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த வருடக் கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதற்கென ஆய்வுகூடம் அமைக்கப்போகிறது என்று தெரிந்ததும், மேயர் அல்பிரட் வெலூச்சி விஞ்ஞானிகளை நகரசபைக்குக் கூப்பிட்டு, சனத்துக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள் என்றார். ஆபத்துக் கூடிய ஆய்வுகளைச் சபை மூன்று மாதம் நிறுத்தியது. பிறகு ஊர்ச்சனத்தில் ஒரு குழு. தலைவர் வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் விற்பவர்! ஒரு கன்னியாஸ்திரி, ஒரு பொறியியலாளர், ஒரு சமூகசேவகி என்று மற்றவர்கள். அந்த ஆய்வைச் செய்கிற ஒருவர்கூட இல்லை. இவைக்கு என்ன விளங்கும் என்று கேட்கத் தோன்றும். மாதக்கணக்கில் படித்தார்கள், இரு தரப்பையும் எதிரெதிரே வாதாட விட்டுக் கேட்டார்கள். 1977 சனவரியில், இன்னும் கடுமையான நிபந்தனைகளோடு ஆய்வு நடக்கலாம் என்றார்கள். அடுத்த மாதமே அது நகரச் சட்டமாயிற்று. அதனால் ஆய்வு ஒன்றும் பட்டுப்போகவில்லை. உயிர்த்தொழில்நுட்பக் கம்பனிகள் பிறகு அந்த நகரத்தில்தான் வந்து குவிந்தன.

எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றி முடிவெடுத்த எத்தனையோ மேசைகளைக் கண்ட அகதி நான். அதனால்தான் அந்த எண்ணெய் வியாபாரியில் எனக்கு இவ்வளவு மரியாதை.

இனி நான் வாழும் கனடாவுக்கு வருகிறேன். பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். அம்மைப்பால் குத்திய தழும்பு எங்கட அம்மாமாரின் கைகளில் இருந்தது. அந்தக் கிருமியின் உறவான குதிரையம்மைக் கிருமியை அல்பேட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸ் குழு புதிதாகக் கட்டியெழுப்பி 2018இல் கட்டுரை வெளியிட்டது. நோக்கம் பாதுகாப்பான தடுப்பூசி என்றார்கள். ஆனால் அதே வழியில் பெரியம்மையையும் கட்டலாமே? செய்வோமா என்று தீர்மானித்தது ஓர் ஆய்வுக்குழுவும் அதற்குத் துணைநின்ற ஒரு மருந்துக் கம்பனியும். செலவு ஏறத்தாழ 100,000 அமெரிக்க டொலர். டி.என்.ஏ துண்டுகள் ஓடர் கொடுத்துத் தபாலில் வந்தன.