இறைச்சிக் கூடத்தில் தொடங்கிய விவிலியப் பள்ளி

எருசலேம் பழைய நகரின் தமஸ்கு வாசலுக்கு வடக்கே, புனித ஸ்தேவான் துறவு மடத்து வளாகத்தில் 1890 நவம்பர் 15 அன்று ஒரு பள்ளி திறக்கப்பட்டது. வகுப்பு நடந்த கட்டடம் முன்பு ஆடுமாடு அறுக்கும் கூடமாக இருந்தது. விலங்குகளைக் கட்டிவைத்த இரும்பு வளையங்கள் சுவரிலேயே இருந்தன. பள்ளியைத் தொடங்கியவர் பிரான்சைச் சேர்ந்த தொமினிக்கன் சபைக் குரு மரி-ஜோசப் லக்ராஞ்ச். வியன்னாவில் கீழைநாட்டு மொழிகள் படித்துக்கொண்டிருந்த அவரைச் சபை மேலிடம்தான் எருசலேமுக்கு அனுப்பியது.

அக்காலக் குருமடங்களில் விவிலியம் பெரும்பாலும் இலத்தீனில் படிக்கப்பட்டது. கோட்பாடுகளுக்குச் சான்று காட்டவே வசனங்கள் எடுத்தாளப்பட்டன. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலோ, மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களும் வெவ்வேறு காலத்து ஆவணங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்ற வாதம் வேரூன்றியிருந்தது. அந்த வாதத்தைக் கண்டனங்களால் மட்டும் எதிர்கொள்ள முடியாது, அதே மொழியறிவும் வரலாற்றறிவும் வேண்டும் என்பதில் லக்ராஞ்ச் உறுதியாக இருந்தார். எனவே எபிரேயம், அரபு, அசிரிய மொழி, கல்வெட்டியல், புவியியல், தொல்லியல் எல்லாம் பாடங்களாயின. வகுப்போடு படிப்பு முடியவில்லை. மாணவர்கள் கூடாரங்களைச் சுமந்துகொண்டு சீனாய் வரையிலும் யோர்தானுக்கு அப்பாலும் பயணம் போனார்கள். நூலில் வரும் ஊரை நேரில் அளந்து பார்ப்பதும் கல்வெட்டைப் படியெடுப்பதும் இறையியல் கல்வியின் பகுதியாயின. இந்தப் பள்ளியின் பெருங்கொடை இதுவே. தொல்லியலில் வின்சென்ட், புவியியலில் ஆபெல் என அதன் தொடக்ககால மாணவர்களே பின்னர் புகழ்பெற்ற ஆசிரியர்களாகவும் விளங்கினர்.

1892இல் பள்ளியின் ஆய்விதழ் வெளிவந்தது. மறு ஆண்டே திருத்தந்தை 13ஆம் லியோ சுற்றுமடல் ஒன்றில் கீழைமொழிக் கல்வியை ஊக்குவித்தார். 1902இல் விவிலிய ஆணையத்தையும் அமைத்தார். 1904 முதல் இந்த ஆணையமே விவிலியப் பட்டத் தேர்வுகளை நடத்தியது. தேர்வு எழுத இறையியலில் முனைவர் பட்டம் முன்தகுதியாக இருந்தது. எருசலேமில் படித்தவர்களும் உரோமைக்குப் போய்த்தான் எழுத வேண்டியிருந்தது.

அதற்குள் காற்று திசைமாறிவிட்டது. ‘நவீனவாதம்’, அதாவது நவீன ஆய்வுமுறைகளுக்காகக் கோட்பாட்டைக் கைவிடும் போக்கு, என்ற ஐயம் விவிலிய அறிஞர்கள் மீது படர்ந்தது. திருத்தந்தை 10ஆம் பயஸ் 1909இல் உரோமையில் விவிலிய நிறுவனம் ஒன்றை நிறுவி இயேசு சபையிடம் ஒப்படைத்தார். அது தொடக்கத்தில் லக்ராஞ்சின் வழிக்கு மாற்றாகவே நடத்தப்பட்டது. 1912இல் அவருடைய சில நூல்களைக் குருமடங்களில் பயன்படுத்தக் கூடாது என உரோமை ஆணையிட்டது. அவர் கீழ்ப்படிந்தார், எருசலேமை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு திரும்பினார். தொடக்க நூல் பற்றிய அவருடைய உரை அச்சேறாமலே போனது. அந்த இழப்பு சிறிதல்ல. அதன்பின் அவர் நற்செய்தி நூல்களின் உரைகளில் கவனத்தைச் செலுத்தினார், 1938இல் காலமானார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1943 செப்டம்பர் 30 அன்று, திருத்தந்தை 12ஆம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், மூலமொழிகளிலிருந்தும் இலக்கிய வகைகளை அறிந்தும் விவிலியத்தை விளக்க வேண்டும் என்றது. லக்ராஞ்ச் வாதாடிய வழிக்கே இது கதவைத் திறந்தது. அந்தச் சுற்றுமடலின் உருவாக்கத்தில் உரோமை நிறுவனத்தின் தலைவர் அகுஸ்தின் பெயா முக்கியப் பங்காற்றினார். ஒருகாலத்தில் எதிரெதிராக நின்ற இரு கல்விக்கூடங்களும் ஒரே நெறிக்கு வந்துவிட்டன.

இதன் பலன் விரைவில் தெரிந்தது. எருசலேம் பள்ளியின் மேற்பார்வையில் உருவான பிரெஞ்சு விவிலிய மொழிபெயர்ப்பு 1956இல் ஒரே தொகுதியாக வந்தது. பள்ளித் தலைவர் ரோலான் தெ வோ 1951 முதல் 1956 வரை சாக்கடல் ஓரக் கும்ரானில் அகழாய்வு நடத்தினார். 1983இல் விவிலியத்தில் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பள்ளிக்குக் கிடைத்தது. உரோமை நிறுவனமோ அவ்வுரிமையை 1928லேயே பெற்றிருந்தது.